19 வருஷம் நின்ன வில்லிஸ் சிஜே-3பி: பாடியைக் கழட்டுறதா, இன்ஜினை முதல்ல பார்க்குறதா?

ஞாயிறுஜீப் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா படிக்க மட்டும் வந்துட்டுப் போறவன். இப்பதான் கேட்கறதுக்கு ஒரு விஷயம் கிடைச்சிருக்கு.

பெரியப்பா ஓட்டின ஜீப் என் கைக்கு வந்திருக்கு. வில்லிஸ் சிஜே-3பி, பானெட் உயரமா இருக்குமே அந்த மாடல், 1964-ல வந்த வண்டி. 19 வருஷமா ஒரே ஷெட்டுல, ஒரே இடத்துல நின்னிருக்கு. பெரியப்பாவுக்கு இப்ப 78 வயசு. "எடுத்துக்கோடா, ஆனா பார்ட் பார்ட்டா பிரிச்சு வித்துடாதே"ன்னு சொல்லிட்டு சாவியைக் கையில வச்சார். அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசல. சின்ன வயசுல அந்த வண்டியில பின்னாடி பக்கவாட்டு சீட்டுல உட்கார்ந்து போனவன் நான். கிளட்ச் பெடலோட இரும்பு ஒரு பக்கம் மட்டும் தேஞ்சு வழவழன்னு இருக்கு, அவர் கால் வச்ச இடம். அதைத் தொட்டுப் பார்த்ததும் இந்த வண்டியை எப்படியாவது ஓட வச்சு, அவரைப் பக்கத்துல உட்கார வச்சு ஒரு சுத்து சுத்திட்டு வரணும்னு முடிவு பண்ணிட்டேன்.

இப்ப நிலைமை இதுதான். இன்ஜின் சுத்தல. டாப் கியர்ல போட்டு ரெண்டு பேர் தள்ளிப் பார்த்தோம், பின் சக்கரம் மண்ணுல இழுபட்டு வருதே தவிர இன்ஜின் அசையல. பிரேக் பெடல் அழுத்தினா நேரா தரைக்குப் போகுது. டிரைவர் கால் வைக்கிற இடத்துல தகடு செத்துப்போய் கீழ இருக்குற தரை தெரியுது. வயரிங் எல்லாம் எலி கடிச்சது. கியர் லீவர் போட்டா கியர் விழுது, ஆனா டிரான்ஸ்ஃபர் கேஸ் (கியர் பாக்ஸ் சக்தியை முன், பின் சக்கரங்களுக்குப் பிரிச்சுக் குடுக்குற பெட்டி) லீவர் ரெண்டும் இறுக்கமா இருக்கு. முன் இடது சக்கரத்தைக் கழட்டலாம்னு வீல் ஸ்பேனர்ல நீள பைப் மாட்டி இழுத்தேன், ரெண்டு ஸ்டட் (சக்கர நட்டு ஏறுற மரைக் கம்பி) முறிஞ்சு கையோட வந்துடுச்சு. அன்னைக்கு அதோட நிறுத்திட்டேன்.

ஒரு ஜாக்கி, ரிங் ஸ்பேனர் செட், கிரைண்டர் இருக்கு. வெல்டிங் மெஷின் ஃப்ரெண்டுகிட்ட வாங்கிக்கலாம். இடம், வண்டி நிக்கிற அளவு போக ரெண்டு பக்கமும் நாலடி. நேரம், ஞாயித்துக்கிழமை மட்டும்.

ஃப்ரெண்டு சொல்றான், "பாடியைத் தூக்கி ஓரமா வச்சுட்டு சேஸிஸ்ல (பாடியைத் தாங்குற அடிச்சட்டம்) இருந்து ஒண்ணொண்ணா பண்ணு, அதான் முறை"ன்னு. எனக்கு மனசெல்லாம் இன்ஜின் மேல இருக்கு. ஒரு தடவை அந்தச் சத்தம் கேட்டுட்டா மிச்சம் எல்லாத்துக்கும் தெம்பு வந்துடும்னு தோணுது. எதுல ஆரம்பிக்கட்டும்?


கிரீஸ்துணி எழுதியது:

மத்த பதில் வர்றதுக்குள்ள ஒண்ணு. அந்த ஸ்டட் முறிஞ்சது துருவால மட்டும் இல்ல. அந்தக் கால வில்லிஸ்ல இடது பக்கச் சக்கரங்களுக்கு இடது மரை. வழக்கமா டைட் பண்ற திசையில சுத்தினாதான் நட்டு கழலும். நீங்க கழட்டுறதா நினைச்சு பைப் போட்டு முறுக்கி டைட் பண்ணியிருக்கீங்க. ஸ்டட்டோட முனையில எல் எழுத்து குத்தியிருக்கான்னு கம்பி பிரஷ் போட்டுத் தேய்ச்சுப் பாருங்க. இடையில யாராவது ஸ்டட் மாத்தியிருந்தா கலப்படமாவும் இருக்கலாம், அதனால ஒவ்வொண்ணையும் தனித்தனியா பார்த்துட்டுக் கை வைங்க. துரு ஊறுற எண்ணெய் அடிச்சு ஒரு ராத்திரி விட்டுட்டுத் திருப்பினா மிச்ச நட்டெல்லாம் சாதாரண ஸ்பேனர்லயே வரும்.


பழையஸ்பேனர் எழுதியது:

தம்பி, பாடியைத் தூக்காதே. இதை மட்டும் முதல்ல கேட்டுக்கோ, காரணம் அப்புறம் சொல்றேன்.

நானும் உன்னை மாதிரிதான் ஆரம்பிச்சேன், இதே குடும்பத்து ஜீப். ரெண்டே நாள்ல மொத்தமா பிரிச்சுட்டேன். பாடி ஒரு பக்கம், சேஸிஸ் ஒரு பக்கம், இன்ஜின் டயர் மேல. போல்ட்டெல்லாம் பால் பவுடர் டப்பாவுல போட்டு, பேப்பர்ல பேர் எழுதி ஒட்டினேன். பிரிக்கிறப்ப இருந்த சந்தோஷம் சொல்லி முடியாது. அப்புறம் வேலை மாறுச்சு, வீட்டுல உடம்பு சரியில்லாம போச்சு, ஒரு ஞாயிறு விட்டது பத்து ஞாயிறாச்சு. ரெண்டு மழைக்காலம் போனதும் டப்பாவைத் திறந்தா பேப்பர்ல மை ஓடி வெறும் நீலக் கறை. எந்த போல்ட் எங்கேன்னு எனக்கே தெரியல. அந்த வண்டி திரும்ப நாலு சக்கரத்துல நிக்க ஆறு வருஷம் ஆச்சு. அந்த ஆறு வருஷமும் ஷெட் பக்கம் போறப்பெல்லாம் கண்ணைத் திருப்பிக்கிட்டுதான் போனேன்.

வாரத்துல ஒரு நாள் வேலை பார்க்குறவன் வண்டியை வண்டியாவே வச்சுக்கணும். ஒரு சமயத்துல ஒரு வேலை மட்டும் திற, அதை மூடிட்டு அடுத்ததைத் தொடு. தள்ளினா நகரணும், திருப்பினா திரும்பணும். கழட்டின போல்ட்டை அதே ஓட்டையில கையால நாலு மரை ஏத்தி விட்டுடு, அதைவிட நல்ல டப்பா கிடையாது. அப்படி விட முடியாததுக்குத் தகரத் துண்டுல ஆணியால எழுத்துக் குத்தி, கம்பியில கோத்துக் கட்டு. கழட்டுறதுக்கு முன்னாடி போன்ல போட்டோ எடு, கிட்ட ஒண்ணு, எட்ட ஒண்ணு.

பாடியைத் தூக்கியே ஆகணும்னா அதுக்குக் காரணம் சேஸிஸா இருக்கணும். ஸ்பிரிங் பட்டையை மாட்டுற ஹேங்கர் இருக்குற இடம், முன் கிராஸ் மெம்பர் (சேஸிஸோட குறுக்குச் சட்டம்), ஸ்டீரிங் பாக்ஸ் போல்ட் ஆகுற இடம், இந்த மூணையும் சுத்தியலால தட்டிக்கிட்டே போ. நல்ல இரும்பு கணீர்னு சத்தம் குடுக்கும். செத்த இரும்பு 'டொப்'புன்னு சொல்லும், பொடி உதிரும். சேஸிஸ்ல முன்னாடி இருந்து பின்னாடிக்கு மூலைக்கு மூலை ரெண்டு பக்கமும் டேப் பிடி, அளவு ஒத்து வருதா பாரு. ரெண்டும் சரியா இருந்தா பாடி இருக்குற இடத்துலயே இருக்கட்டும்.

அடுத்தது உன் இன்ஜின் ஆசை. ஆசை தப்பில்ல. ஆனா அந்த இன்ஜின் ஓடினா வண்டி நகரும், நகர்ந்தா நிறுத்த உன்கிட்ட ஒண்ணுமில்ல. அதனால இன்ஜினை ஊறப் போட்டுட்டு, அது ஊறுற நேரத்துல பிரேக் வேலை பாரு. ரெண்டும் சேர்ந்தே நடக்கும்.

நாலு பிளக்கையும் கழட்டு. ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் அசிட்டோனும் சரிபாதி கலந்து ஒவ்வொரு ஓட்டையிலயும் ரெண்டு மூணு ஸ்பூன் ஊத்து. அசிட்டோன் குபீர்னு பத்திக்கும், பக்கத்துல கிரைண்டர் வேலை வச்சுக்காதே. துணியால ஓட்டையை மூடிட்டு ஒரு வாரம் விட்டுடு, அடுத்த ஞாயிறு திரும்ப ஊத்து. அப்புறம் கியரை நியூட்ரல்ல போட்டு, கிராங்க் நட்டுல சாக்கெட் வச்சு முன்னும் பின்னும் கொஞ்சங் கொஞ்சமா ஆட்டு. நீள பைப் வேண்டாம். வண்டியைக் கயித்துல கட்டி இழுத்து எடுக்கலாம்னு யாராவது வந்தா வாசல்லயே அனுப்பிடு. உன் வண்டியில இருக்குற ஹரிகேன் இன்ஜின்ல இன்டேக் வால்வு (காத்து உள்ள வர்றது) மேல ஹெட்டுல, எக்ஸாஸ்ட் வால்வு (புகை வெளிய போறது) கீழ பிளாக்குல. அந்த இன்டேக் வால்வை நிமிர்த்தி வைக்கத்தான் 1953-ல பானெட்டையே உயர்த்தினாங்க. மேல வால்வு துருப்பிடிச்சு நிக்கிறப்ப பலவந்தமா சுத்தினா அதைத் தள்ளுற கம்பி, புஷ் ராடு, வளைஞ்சுடும். அதனால மேல இருக்குற ராக்கர் கவரை, அதாவது வால்வு மூடியைக் கழட்டி, ஒவ்வொரு வால்வும் இறங்கி ஏறுதான்னு கண்ணால பார்த்துக்கிட்டே ஆட்டு.

சுத்த ஆரம்பிச்சதும் உடனே ஸ்டார்ட் பண்ணிடாதே. பழைய ஆயிலை இறக்கு, சம்ப்பை (இன்ஜின் அடியில ஆயில் நிக்கிற தொட்டி) கழட்டி அடியில படிஞ்சிருக்குற சேத்தை வழிச்சு எடு, ஆயில் உறிஞ்சுற வலையைக் கழுவு. புது ஆயில் ஊத்தி, பிளக் இல்லாமலே செல்ஃப் போட்டு ஆயில் கேஜ் முள் ஏறுற வரைக்கும் விட்டு விட்டுச் சுத்து. பழைய டேங்க்ல இருக்குறது இப்ப பெட்ரோலே இல்ல, கோந்து. அதை லைன்ல ஏத்தினா கார்புரேட்டர் அடைச்சுடும். அந்த டேங்க் ஓட்டையை அடைக்கிறேன்னு அது மேல வெல்டிங் மட்டும் வச்சுடாதே, காலி டேங்க்லதான் ஆவி நிக்கும், வெடிக்கும்.

பிரேக்குக்கு வருவோம். இங்க ஒரு இடத்துல உயிர் இருக்கு, நிதானமா படி. இந்த ஜீப்ல ஹேண்ட் பிரேக் சக்கரத்துல இல்ல. டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னாடி, ஷாஃப்ட்டுல ஒரு சின்ன டிரம், அதைத்தான் பிடிக்குது. ஹேண்ட் பிரேக் போட்டுட்டோம்னு நம்பி ஒரு பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில தூக்கினா, தூக்கின சக்கரம் ஒரு பக்கம் சுத்த, தரையில இருக்குற சக்கரம் இன்னொரு பக்கம் உருளும். பின் ஆக்சில் நடுவுல இருக்குற கிரவுனுக்குள்ள பல்லு அதைத்தான் பண்ணும், ஷாஃப்ட் அசையாமலே வண்டி நகர்ந்துடும். ஷாஃப்ட்டைக் கழட்டிட்டா ஹேண்ட் பிரேக்கே இல்லைன்னு அர்த்தம். அதனால எப்பவும் மத்த சக்கரங்களுக்கு முன்னாடியும் பின்னாடியும் கட்டை போடு, ஆக்சிலுக்கு அடியில ஸ்டாண்டு வை, ஜாக்கியை மட்டும் நம்பி அடியில போகாதே. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் கால் விரல் மூணு அப்படித்தான் போச்சு.

டிரம்மைக் கழட்டினதும் உள்ள இருக்குற தூசியை ஊதாதே, காத்தும் அடிக்காதே. அந்தக் காலத்து ஷூவுல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். தண்ணியில சோப்பு கலந்து நனைச்சு, துணியால துடைச்சு, அந்தத் துணியை ஈரத்தோட கவர்ல கட்டிப் போடு. வீல் சிலிண்டர் (சக்கரத்துக்குள்ள ஷூவைத் தள்ளுறது) ரப்பரைப் பின்னால தள்ளிப் பார்த்தா உள்ள பழுப்பு நிறத்துல கூழ் மாதிரி இருக்கும், பிரேக் ஆயில் காத்துல இருக்குற ஈரத்தை இழுத்து இழுத்து அப்படி ஆகுது. சிலிண்டர் சுவர்ல விரலை விட்டுத் தடவு. நகம் தட்டுற மாதிரி குழி இருந்தா தேய்ச்சுச் சமாளிக்காதே, புதுசா மாத்து. ரப்பர் ஹோஸ் வெளியில நல்லா இருந்தாலும் எல்லாத்தையும் மாத்து. உள்ள வீங்கி, அழுத்துறப்ப ஆயிலை விடும், திரும்பி வர விடாது, சக்கரம் பிடிச்சபடியே நிக்கும். பெடல் அழுத்துற மாஸ்டர் சிலிண்டர் ஃபுளோருக்கு அடியில, அங்க இருந்து எல்லாச் சக்கரத்துக்கும் ஒரே லைன். எங்கயோ ஒரு இடத்துல ஒழுகினா நாலு சக்கரத்துக்கும் பிரேக் போயிடும். இதனாலதான் பிரேக்கை முதல்ல சொல்றேன்.

டிரான்ஸ்ஃபர் கேஸ் லீவர் இறுக்கம் பெரிய வேலையா இருக்காது. அடியில வெளிய தெரியுற ராடு துருப்பிடிச்சிருக்கும், எண்ணெய் விட்டு ஆட்டினா வரும். ஆனா கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் ரெண்டுலயும் ஆயில் மட்டம் தனித்தனியா பாரு. நடுவுல இருக்குற வழியா ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்கு ஆயில் போயிடும், ஒரு பக்கம் காஞ்சு கிடக்கும், ஒரு பக்கம் வழியும்.

பெயின்ட், சீட்டு, ஹூட் எதையும் இந்த வருஷம் நினைக்காதே. அப்புறம் அந்தக் கிளட்ச் பெடல், அதை மாத்தாதே. தேஞ்சது தேஞ்சபடி இருக்கட்டும்.


தகடுவேலை எழுதியது:

மேல சொன்னவர் சொன்னதெல்லாம் சரி. ஃபுளோர் பத்தி மட்டும் நான் சேர்த்துக்கறேன், என் வேலையே டிங்கரிங்தான்.

ஓட்டையைப் பார்த்துட்டு அந்த இடத்துக்கு மட்டும் ஒரு தகடு வெட்டி மேல வச்சு ஒட்டிடாதீங்க. அடியில படுத்துப் பாருங்க. ஃபுளோரைத் தாங்குறதுக்குத் தொப்பி மாதிரி வளைச்ச தகடு நீளமா போகும். இந்தக் குடும்ப ஜீப்கள் பலதுல அந்தத் தொப்பிக்குள்ள மரக்கட்டை வச்சிருப்பாங்க. அந்த மரம் தண்ணியைக் குடிச்சுட்டு வருஷக்கணக்கா ஈரமாவே இருக்கும். ஃபுளோர் மேல இருந்து சாகல, அடியில அந்த மரத்துல இருந்து செத்திருக்கு. கட்டையை எடுக்காம மேல புதுத் தகடு வச்சா ரெண்டு மூணு மழையில திரும்ப அதே இடத்துல வாய் திறக்கும். ஸ்க்ரூடிரைவரால குத்திப் பாருங்க, எங்க வரைக்கும் உள்ள இறங்குதோ அது வரைக்கும் வெட்டணும். வெட்டுற கோடு எப்பவும் நல்ல தகட்டுல விழணும்.

வெட்டுறதுக்கு முன்னாடி பாடிக்குள்ள குறுக்க பைப் வச்சுக் கட்டுங்க. ஏறி இறங்குற இடத்துல ஒண்ணு, மூலைக்கு மூலை ஒண்ணு, சும்மா புள்ளி வச்சு ஒட்டினா போதும். அந்த ஜீப்புக்குக் கதவும் கிடையாது, மேல கூரையும் கிடையாது. ஃபுளோரை எடுத்துட்டா பாடியைப் பிடிச்சுக்க ஆளே இல்ல, விரிஞ்சுடும். பாடி சேஸிஸ் மேலயே போல்ட் ஆகி இருக்கறப்ப இந்த வேலையைப் பண்றது இன்னொரு வகையில நல்லது, அளவு தானா நிக்கும். ஒரு பக்கம் முடிச்சுட்டு மறுபக்கம் போங்க, ரெண்டையும் ஒரே நேரத்துல வெட்டாதீங்க.

வெல்டிங் கோடு இழுக்காதீங்க. ஒரு புள்ளி இங்க, அடுத்த புள்ளி ஒரு சாண் தள்ளி, கை வைக்கிற அளவு ஆறினதும் நடுவுல. கோடா இழுத்தா தகடு அப்பளம் மாதிரி நெளியும், அதைத் திரும்ப நேராக்குறது ஒரு வாரம். பேட்டரி வயரைக் கழட்டிட்டு ஆரம்பிங்க. பிரேக் கிளீனர் ஸ்பிரே அடிச்ச இடத்துல வெல்டிங் வைக்காதீங்க, சில கிளீனர்ல குளோரின் கலந்திருக்கும், சூட்டுல அது விஷப் புகையா மாறும். முடிச்சதும் தொப்பிக்குள்ள மரம் திரும்ப வேண்டாம். ரெட் ஆக்சைடு, அது மேல மெழுகு கலந்த எண்ணெய், அடியில தண்ணி வடிய ரெண்டு ஓட்டை. மேல பட்டி (பள்ளம் நிரப்புற பூச்சு) வச்சு மறைக்கிற வேலை மட்டும் கூடவே கூடாது. பட்டி தண்ணியை உறிஞ்சும், அடியில துரு நிம்மதியா வளரும்.

சின்னச் சின்ன பிராக்கெட்டுக்கு துரு எடுக்கணும்னா பிளாஸ்டிக் டப்பாவுல தண்ணி, சலவை சோடா, பழைய பேட்டரி சார்ஜர் போதும். துருப்பிடிச்ச பொருளுக்கு நெகட்டிவ், வேண்டாத இரும்புத் துண்டுக்கு பாசிட்டிவ். துண்டு சாதா இரும்பா இருக்கணும், எவர்சில்வர் போட்டா தண்ணியில குரோமியம் விஷம் இறங்கும். வெளிக் காத்துல வைங்க, ஹைட்ரஜன் கிளம்பும். ஸ்பிரிங்கையும் கடினமான போல்ட்டையும் அதுல போடாதீங்க, உள்ள ஹைட்ரஜன் ஏறி உடையுற குணம் வந்துடும்.


ஞாயிறுஜீப் எழுதியது:

அஞ்சு ஞாயிறு கழிச்சு எழுதறேன். எல்லாருக்கும் நன்றிங்க.

கிரீஸ்துணி சொன்ன மாதிரி ஸ்டட் முனையைத் தேய்ச்சதும் எல் எழுத்து தெரிஞ்சது. எதிர்த் திசையில சுத்தினதும் 'கிரக்'குன்னு ஒரு சத்தம், அப்புறம் கையாலயே வந்துச்சு. நாலு டிரம்மும் கழட்டியாச்சு. முன் இடதுல ஷூ டிரம்மோட ஒட்டிப்போய் இருந்தது, நனைச்சு நனைச்சு மரச் சுத்தியலால சுத்திவரத் தட்டித்தான் எடுத்தேன். நாலு வீல் சிலிண்டர்ல மூணுல நகம் தட்டுது. நாலையும் மாத்திட்டேன். ஹோஸும் புதுசு. மாஸ்டர் சிலிண்டர் கிட்டுக்காகக் காத்திருக்கேன்.

சேஸிஸைத் தட்டிப் பார்த்தேன் அண்ணே. முன் கிராஸ் மெம்பர்ல ஒரு சாண் நீளம் 'டொப்', மிச்சம் எல்லாம் கணீர். மூலைக்கு மூலை வித்தியாசம் 3 மில்லிமீட்டர்தான். பாடியைத் தூக்கல.

மூணாவது ஞாயிறு இன்ஜின் அசைஞ்சுடுச்சு. முதல்ல சாக்கெட் கைப்பிடி ரெண்டு விரல் அளவு நகர்ந்தது. நான் வழுக்கிடுச்சுன்னு நினைச்சேன். ராக்கர் கிட்ட டார்ச் பிடிச்சுட்டு இருந்த தங்கச்சிதான் "அண்ணா, ஒண்ணு இறங்குது"ன்னு கத்தினா. பெரியப்பாவுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்ல, அப்புறம் "ஆயில் மாத்தினியா?"ன்னு கேட்டார்.

சம்ப் கழுவி, புது ஆயில் ஊத்தி, முள் ஏறுற வரைக்கும் செல்ஃப் போட்டேன். கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள்ள ஏறுற அழுத்தம்) பார்த்ததுல 1, 2, 4 சிலிண்டர் மூணும் கிட்டத்தட்ட ஒண்ணு போல இருக்கு. 3-ல பாதிகூட இல்ல. கொஞ்சம் ஆயில் ஊத்திப் பார்த்தும் ஏறல. ஹெட்டைக் கழட்டணுமா?


பழையஸ்பேனர் எழுதியது:

ஆயில் ஊத்தியும் ஏறலைன்னா பிஸ்டன் ரிங் பிரச்சனை இல்ல, பெரும்பாலும் வால்வு. மேல எல்லாம் இறங்கி ஏறுறதைப் பார்த்துட்டே, அப்ப சந்தேகம் கீழ இருக்குற எக்ஸாஸ்ட் மேல. ஹெட்டைத் தொடாதே. பிளாக் பக்கவாட்டுல ஒரு தகட்டு மூடி இருக்கும், அதைக் கழட்டினா ஸ்பிரிங்கும் வால்வுத் தண்டும் தெரியும். யாரையாவது மெதுவா சுத்தச் சொல்லிட்டுப் பாரு. 3-வது சிலிண்டர் வால்வு மேல போய் அங்கயே நின்னுக்கிட்டு, கீழ அதைத் தள்ளுற டேப்பட்டுக்கும் அதுக்கும் நடுவுல இடைவெளி விழுந்தா அதுதான் ஆள். தண்டுல ஊறுற எண்ணெய் அடிச்சுட்டு விடு. மறுநாள் பிளக் ஓட்டை வழியா கொஞ்சம் எண்ணெய் விட்டு, ஸ்பிரிங்கோட மேல் கீழா நெம்பி நெம்பி அசைச்சுக் குடு. ரெண்டு மூணு நாள்ல வந்துடும். வந்ததும் திரும்ப கம்ப்ரஷன் பாரு.

அதுக்கும் வரலைன்னாதான் ஹெட். அப்படி ஒரு நிலைமை வந்தா இதை நினைவுல வச்சுக்கோ: ஒரு ஹெட் போல்ட் கண்ணுக்குத் தெரியாது. கார்புரேட்டரைக் கழட்டினா அதுக்கு அடியில, காத்து உள்ள போற வழிக்குள்ள ஒளிஞ்சிருக்கும். எல்லா போல்ட்டும் எடுத்தாச்சுன்னு நினைச்சு உளி வச்சு நெம்பி ஹெட்டை உடைச்சவங்க நிறைய பேர்.

பிளக் வயர் திரும்ப மாட்டுறப்ப வரிசை 1-3-4-2.

கிராஸ் மெம்பர் வேலையை வண்டி ஓடுறதுக்கு முன்னாடி முடிச்சுடு, தகடுவேலை சொன்ன முறையிலயே. மாஸ்டர் சிலிண்டர் போட்டதும் பிரேக்குல ஏர் எடுக்கறப்ப மாஸ்டர்ல இருந்து எது தூரமோ அந்தச் சக்கரத்துல ஆரம்பிச்சு கிட்ட வா. தங்கச்சியைப் பெடல்ல உட்கார வை, நீ சக்கரத்துல ஏர் வெளிய விடுற நிப்பிள்கிட்ட இரு. பெடல் கல்லு மாதிரி நின்னதும் அழுத்தினபடியே ஒரு நிமிஷம் பிடிக்கச் சொல்லிட்டு பிரேக் லைன் சேருற ஒவ்வொரு யூனியனையும் விரலால தடவிப் பாரு, ஈரம் தட்டுதான்னு.